விரல்நுனிப் பிழை

“கையை நீட்டுக்கா, அரை மணி நேரந்தான், காயட்டும்...”

“நீட்ட மாட்டேன். இந்தக் கையோட வான்னா வரேன், இல்லன்னா...”

“மருதாணிதானேக்கா வைக்கப் போறேன், என்னமோ சூடு வைக்கப் போற மாதிரி...”

“வேற யாரையாவது கூட்டிக்கினு போயி ஊட்டச் சொல்லு. உன் பயிற்சிக் கூடத்துல ஆளா இல்ல?”

“வளத்தவங்கதான் மேடையில மொத வாய் ஊட்டணும். அதான் முறை.”

“வளத்தது இந்தக் கைதான்.”

தங்கை எழிலி, அரைத்த மருதாணிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, அக்காவின் கையைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தாள்.

நன்றாகப் பார் என்பதுபோலக் கொளஞ்சி இரண்டு கைகளையும் முழங்காலில் விரித்து வைத்திருந்தாள். ஐம்பத்தேழு வயதுக் கை. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் நகக்கண் வரை கறுத்துக் கிடந்தன. நுனியில் தோல் உரிந்து, உரிந்த இடத்தில் புதுத்தோல் கட்டி, அதுவும் உரிந்திருந்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொட்டகை ஒன்றில் நாற்பது வருடமாகக் கொட்டை உடைக்கிறவள். முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்டால் பொத்துப் போகும், கழுவினால் போகாது. உடைக்கிறவர்கள் விரலில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள். கையுறையும் கொடுத்துப் பார்த்தார்கள்தான். கையுறை போட்ட விரலில் கொட்டை நிற்கவில்லை.

“பெரிய திரையில காட்டுவாங்கக்கா. ஊட்டறப்ப கை மட்டுந்தான் தெரியும், இவ்ளோ பெருசா.”

“தெரியட்டும்.”

“பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?”

“கொட்டை உடைக்கிறவன்னு நெனப்பாங்க. வேற இன்னா, சாராயம் காச்சறவன்னா நெனப்பாங்க?”

“வெளையாடாதக்கா.”

“பக்கத்து வீட்டு அக்கான்னு சொல்லிடேன். சொன்னவதான நீ.”

அது முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. பத்தாம் வகுப்பில் எழிலி குண்டெறிதலில் பரிசு வாங்கிய அன்று கொளஞ்சி கொட்டகையிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தாள். ‘யாருடி அது, கையெல்லாம் தார் மாதிரி?’ என்று ஒருத்தி கேட்டதற்கு, ‘பக்கத்து வீட்டு அக்கா’ என்று எழிலி சொன்னாள். அக்காவின் காதில் அது விழவில்லை என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

கிண்ணம் மடியில் கனத்தது. கொளஞ்சி தங்கையின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டினாள்.

“வை. அழுது தொலைக்காத.”

எழிலி ஒவ்வொரு விரலாகப் பூசினாள். கறுப்பு தெரியாதபடி தடிமனாக, நகக்கண்ணுக்குள் இறங்கும்படி அழுத்தி.

“எரியுதாக்கா?”

“இல்ல. ஜில்லுனு இருக்குது.”

*

பரிவுப்பட்டை வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது.

மணிக்கட்டில் கட்டுகிற இரண்டு விரல் அகலப் பட்டைதான். நோகிற உடம்பு எதுவாக இருந்தாலும் அதில் ஒரு நுண்பொருள் ஊறும். அந்த உடம்பிலிருந்து வருவதிலும் அது தொடுவதிலும் அந்த ஊறல் ஒட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்தவர்கள் அதற்கு நோவூறல் என்று பெயர் வைத்தார்கள். ஒரு வாய் சாப்பிட்டதும் பட்டை அந்த ஊறலை மோப்பம் பிடித்து, வலியாகத் திருப்பி, பட்டை கட்டியவர் உடம்பிலேயே காட்டிவிடும். முழுதாக அல்ல, பத்தில் ஒரு பங்குதான். அது போதுமாக இருந்தது. கறி தின்றவனுக்கு நாக்கில் ருசி படுமுன் கழுத்தில் கத்தி பட்டது. பால் குடித்தவளுக்குக் கன்றைப் பிரித்துக் கட்டிய கயிறு மார்பில் இறுகியது.

சட்டம் எதுவும் போட வேண்டி வரவில்லை. முதலில் இளவட்டங்கள் வீம்புக்குக் கட்டின. பிறகு பட்டை கட்டாத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள். இரண்டே வருடத்தில் கறிக்கடை மரக்கட்டைகள் டீக்கடை வாசலில் முக்காலிகளாகிவிட்டன. வலி பட்டால் சிவக்கிற பட்டை விளக்கு வெள்ளையாகவே எரிகிறவரைப் பார்த்தால் ஊரே கும்பிட்டது.

எழிலியின் விளக்கு பதினோரு வருடமாக வெள்ளைதான். கடலூரில் அவள் நடத்தும் ‘தளிர்’ உடற்பயிற்சிக் கூடத்தின் சுவரில் ‘யாரையும் நோகடிக்காத உடம்பு’ என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கும். நாற்பத்து நான்கு வயதில் நூற்றுப் பத்து கிலோவைத் தரையிலிருந்து இடுப்புக்குத் தூக்குகிறவள். பால் குடிக்காமல், முட்டை தின்னாமல் எப்படி இந்தத் தோளும் தொடையும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு விரல்விட்டுச் சொல்வாள்: கொள்ளு, உளுந்தங்கஞ்சி, வேர்க்கடலை, முருங்கைக்கீரை, சோயாக்கட்டி, ஒரு நாளைக்கு மூன்று தம்ளர் முந்திரிப்பால்.

முந்திரிப்பால் அவளுக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே. டீக்கும் தயிருக்கும் குழந்தைக்கும் அதுதான். இயந்திரம் கொட்டையை உடைத்தால் ஓட்டின் எண்ணெய் பருப்பில் பட்டுப் பால் கசந்தது. கை உடைத்தால் எண்ணெய் கையோடு நின்றது. அதனால் மூடிக் கிடந்த கொட்டகைகள் எல்லாம் திறந்தன. மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. கொளஞ்சிக்குக் கிடைக்கவில்லை.

கொளஞ்சியிடம் பட்டை கிடையாது. கொட்டகை வேலையில் மணிக்கட்டில் எதைக் கட்டினாலும் எண்ணெய் தின்றுவிடும். அவளுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. எழிலிக்கு ஒன்பது வயதில், அவள் தோளில் தூக்கி வளர்த்த ஆட்டுக்குட்டியை ஒரு கல்யாணத்துக்கு அறுத்தார்கள். இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்த தங்கையிடம் கொளஞ்சி, ‘சரி, இனி நம்ம வீட்டுல கறியும் வேணாம், பாலும் வேணாம், நெய்யும் வேணாம். எந்திரி’ என்றாள். அம்மா இல்லாத வீடு. வளர்கிற பிள்ளைக்குப் பயறும் கடலையும் குறையக் கூடாதென்று அன்றைக்கே கொட்டகையில் இன்னொரு வேளை வேலைக்கும் பெயர் கொடுத்தாள். ஊர் பட்டை கட்டுவதற்கு இருபத்து நான்கு வருடம் முன்னால் நடந்தது இது.

*

மறுநாள் காலை பத்து மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானம் நிறைந்திருந்தது. பட்டையின் புது வகையான மூன்றாம் பட்டையை அன்றைக்குத்தான் வெளியிடுகிறார்கள். அதை முதலில் கட்டிக்கொள்ளப் போகிறவள் எழிலி.

பட்டை செய்யும் நிறுவனத்தின் கருவியாளர் சுடர்வண்ணன் மேடையில் பேசினார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அவர் பேச்சும் அப்படித்தான் இறுக்கமில்லாமல் இருந்தது.

“இதுவரைக்கும் நம்ம பட்டைக்குப் பத்தொன்பது உயிரோட வலிதான் தெரியும். மாடு, ஆடு, கோழி, மீனுன்னு ஒரு பட்டியல் வச்சிருந்தோம். பட்டியல்ல பேரு இல்லாதவன் கத்தினாலும் பட்டைக்குக் கேக்காது. மூணாம் பட்டைக்குப் பட்டியலே கெடையாது. நரம்பு இருந்தாப் போதும். எந்த உயிரா இருந்தாலும் தப்பாது!”

கைதட்டினார்கள். நரம்புள்ளது என்றதும் மைதானத்தில் அத்தனை பேருக்கும் மண்புழுவும் தேனீயும் நினைவுக்கு வந்தன. நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்களை யாருக்கும் நினைவு வரவில்லை.

எழிலி புதுப் பட்டையைக் கட்டிக்கொண்டு இரும்புத்தண்டின் முன் போய் நின்றாள். மூச்சை இழுத்தாள். நூற்றுப் பத்து கிலோ தரையை விட்டு எழுந்து, இடுப்புயரத்தில் மூன்று எண்ணும் வரை நின்று, இறங்கியது. கூடத்துப் பிள்ளைகள் முதல் வரிசையில் விசில் அடித்தார்கள்.

அடுத்தது முதற்கவளம். பட்டை வந்த பிறகு பயிற்சிக் கூடங்களில் தானாக ஏற்பட்ட முறை அது. பளு தூக்கி முடித்ததும் வளர்த்தவர் கையால் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட வேண்டும். விளக்கு வெள்ளையாக நிற்பதை எல்லோரும் பார்க்க வேண்டும். ‘இந்த உடம்பு யாரையும் நோகடித்து வளரவில்லை’ என்பதற்கு அதுதான் சாட்சி.

கொளஞ்சி தட்டோடு வந்தாள். தினைச்சோறும் முந்திரித்தயிரும். அவள் உடைத்த பருப்பு, அவள் ஆட்டிய பால், அவள் உறைய விட்ட தயிர். உப்புப் போட்டு, விரலால் நன்றாகக் குழையப் பிசைந்தாள். பெரிய திரையில் மருதாணிக் கை மட்டும் தெரிந்தது. கறுப்பு எதுவும் தெரியவில்லை. கல்யாணப் பெண் கைபோல இருந்தது.

“வாயத் தொற.”

எழிலி வாங்கினாள். மென்றாள்.

முதலில் வலது கட்டைவிரல் நுனியில் ஆரம்பித்தது. பிறகு அடுத்த விரல், அதற்கடுத்தது. நகத்துக்கும் சதைக்கும் நடுவில் யாரோ கொதிக்கிற எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவதுபோல. மாட்டுக்கு ஏது கட்டைவிரல் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அதற்குள் எரிச்சலுக்கு மேலே இன்னொன்று வந்தது. புதிது, நேற்றையது. ஈரமாக எதையோ அப்பி, உரிந்த தோலுக்குள் அழுத்தி, இராத்திரி முழுக்கக் குத்திக்கொண்டே இருந்த குத்தல். ஜில்லென்று இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

“ஆ!” என்று கத்திவிட்டாள். கையை உதறினாள்.

திரையில் விளக்கு சிவப்பாக எரிந்தது.

மைதானம் அடங்கியது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “சோத்துல இன்னாத்தம்மா கலந்தீங்க?” என்றது. யாரோ சிரித்தார்கள். முதல் வரிசையில் விசிலடித்த பிள்ளைகள் அவளையே பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கூடத்துச் சுவரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தமாதிரி அதே வாசகம் பதாகையில் தொங்கியது.

சுடர்வண்ணன் ஒலிவாங்கியோடு பக்கத்தில் வந்தார். “என்னம்மா இது? தட்டுல என்ன இருக்கு?”

என்ன இருக்கிறது என்று எழிலிக்குத் தெரியும். அந்த மைதானத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் திரையில் அந்த விரல்களைக் கிட்டத்தில் விரித்துக் காட்ட வேண்டும்.

“அக்காதான் சமைச்சாங்க,” என்றாள். அவள் குரல் நான்கு மூலையிலிருந்தும் பெரிதாகக் கேட்டது. “நெய்யி கிய்யி எதுனா விட்டிருப்பாங்க. பழைய காலத்து ஆளு, தெரியாது அவங்களுக்கு.”

கொளஞ்சியின் கை இரண்டாவது கவளத்தோடு பாதியில் நின்றது. பிறகு கவளம் தட்டுக்குத் திரும்பியது.

“அப்படியாம்மா? நெய் விட்டீங்களா?” என்றார் சுடர்வண்ணன்.

கொளஞ்சி தங்கையைப் பார்த்தாள். எழிலி தரையைப் பார்த்தாள்.

“ஆமாங்க,” என்றாள் கொளஞ்சி. “ஒரு சொட்டு. மணமா இருக்கும்னு.”

“எங்கம்மா கெடச்சுது இந்தக் காலத்துல நெய்யி?”

“கெடச்சுது.”

மைதானம் சிரித்தது. சுடர்வண்ணன் இரண்டு கைகளையும் தூக்கினார். “பாத்தீங்களா! ஒரே ஒரு சொட்டு! பழைய பட்டைன்னா விட்டிருக்கும். மூணாம் பட்டை விடுமா?” கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது. அதற்குள் கொளஞ்சி தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு மேடைப் படியில் இறங்கிவிட்டிருந்தாள்.

திரும்பும்போது ஓட்டுநர் இல்லாத தன்னோட்டி வண்டியில் இருவர் மட்டும்தான்.

“அக்கா...”

“கண்ணாடிய ஏத்து. தூசி வருது.”

“நான் வேணும்னு...”

“நூத்திப் பத்து கிலோவா அது? பாத்துத் தூக்கு. கால்ல கீல்ல போட்டுக்காத.”

 அக்கா இடதுகையால் வலதுகை விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

*

கொட்டகையில் கொளஞ்சிக்கு ‘நெய்க்காரி’ என்று பெயர் வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தவர்கள் நான்கு சாண் தள்ளி உட்கார்ந்தார்கள். டீக்கடையில் அவளுக்குத் தனித் தம்ளர் வந்தது. முப்பத்தைந்து வருடமாக நெய்யைக் கண்ணால் பார்க்காதவள் அந்தத் தம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள். இதெல்லாம் எழிலிக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

அவளுக்கு அவள் பாடே பெரிதாக இருந்தது. முந்திரிப்பாலை விட்டுவிட்டாள். கொள்ளு தின்றால் இடுப்பு வலித்தது; குனிந்தே களை பறித்த யாரோ ஒருத்தியின் இடுப்பு. எள்ளுருண்டையில் வெயிலில் புடைத்தவளின் கண்ணெரிச்சல் இருந்தது. முருங்கைக்கீரையில் முழங்கால். எதைத் தின்றாலும் யாரோ ஒருவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். மூன்று வாரத்தில் நான்கு கிலோ இளைத்தாள். எண்பது கிலோவைத் தூக்கவே கை நடுங்கியது. “என்னங்க மாஸ்டர், உணவுமுறைய மாத்தியிருக்கீங்களா?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஆமாம் என்றாள்.

அதற்குள் மூன்றாம் பட்டை ஊரெங்கும் போய்ச் சேர்ந்திருந்தது. காலையில் எந்த டீக்கடையைப் பார்த்தாலும் ஆட்கள் தம்ளரை வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டிருந்தார்கள். நெய் கலக்கிறார்கள் என்று இரண்டு கடைகளை அடித்து நொறுக்கினார்கள். குழந்தைகள் பால் குடிக்காமல் விரலைக் காட்டி அழுதன. நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது: மூன்றாம் பட்டையில் ‘விரல்நுனிப் பிழை’ என்ற சிறு கோளாறு காணப்படுகிறது, விரைவில் திருத்தம் வரும்.

திருத்தத்தோடு சுடர்வண்ணனே ‘தளிர்’ கூடத்துக்கு வந்தார்.

“ஒண்ணும் பெரிய வேலையில்லம்மா. பட்டைய இந்தத் திருத்தக் கல்லுமேல வச்சி எடுத்தாப் போதும், சரியாயிடும்.”

“அது பிழை இல்லைங்க.”

“தெரியும்.”

எழிலி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“தெரியும்மா. மொத வாரமே தெரிஞ்சிடுச்சு. எங்க வீட்டு டீ குடிச்சிட்டு நானும் கைய உதறுனவன்தான்.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நெனச்சுப் பாருங்க. மாட்டு வலி வந்தப்ப ஜனங்க பாலை விட்டாங்க. ஆட்டு வலி வந்தப்ப கறிய விட்டாங்க. மனுஷ வலி எல்லாத்துலயும் வந்தா எதை விடுவாங்க? பட்டையத்தான் விடுவாங்க. பட்டைய அவுத்தா மறுமாசமே கறிக்கடை தொறந்துடும். பதினோரு வருஷம் வீணு. உங்களுக்கு அது சம்மதமா?”

அவளுக்கு அந்த ஆட்டுக்குட்டி நினைவு வந்தது. காதில் வெள்ளைப் புள்ளி.

“மாட்டுக்கு வாய் இல்ல. அதுக்காகச் செஞ்ச கருவி இது,” என்றார் அவர். “மனுஷனுக்கு வாய் இருக்கு. வலிச்சா அவனே சொல்லிக்கலாமே?”

“சொன்னாங்களா?”

“அதுக்கு நான் என்ன பண்றது?” என்றவர், “உங்க அக்கா பேரும் சுத்தமாயிடும்,” என்றார். “அன்னிக்கு நெய்யும் இல்ல ஒண்ணும் இல்ல, கருவிப் பிழைதான்னு நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க. ஊரு நம்பும். நீங்க சொன்னா நம்பும்.”

எழிலி பேசினாள். அன்று என் தட்டில் நெய் இல்லை என்றாள், அது உண்மை. அது கருவியின் பிழை என்றாள். உண்மைக்குப் பக்கத்தில் பொய்யை ஒட்டி உட்காரவைத்தால் இத்தனை சுலபமாக வாயிலிருந்து வரும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டே நாளில் ஊர் முழுக்கத் திருத்தம் போட்டுக்கொண்டது. விளக்குகள் வெள்ளையாயின. டீக்கடைகளில் பழைய இரைச்சல் திரும்பியது.

அவள் தன் பட்டைக்கு மட்டும் திருத்தம் போடவில்லை. அதைக் கழற்றவும் இல்லை.

*

கொளஞ்சியின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு வாய் வராது என்று அவளுக்குப் பயம்.

“அக்கா, கேட்டியா? பட்டையிலதான் கோளாறாம். அறிக்கையே வுட்டுட்டாங்க. நானும் பேசினேன். இனிமே யாரும் உன்ன ஒரு வார்த்த சொல்ல முடியாது. கொட்டகையில சொன்னாங்களா?”

“சொன்னாங்க, சொன்னாங்க. இன்னிக்கு மத்தியானம் பக்கத்துல வந்து உக்காந்தாளுங்க. உள்ள வா. இன்னாடி இது, காத்தடிச்சாப் பறந்துடுவ போல இருக்குற?”

“கொஞ்சம் இளைச்சிருக்கேன்.”

“கொஞ்சமா? தோள்பட்ட எலும்பு தெரியுது. இரு, டீ போடறேன்.”

கொளஞ்சி அடுப்பைப் பற்றவைத்தாள். வலதுகையில் மூன்று விரல்களுக்கும் சேர்த்து வெள்ளைத்துணி சுற்றியிருந்தது. துணியின் ஓரத்தில் மருதாணிச் சிவப்பு இன்னும் போகவில்லை. இரண்டு விரலால் தம்ளரைப் பிடித்துக் கொண்டுவந்து தங்கை முன் வைத்தாள்.

“கையில இன்னாக்கா?”

“ஒண்ணுமில்ல. மருதாணி உள்ள எறங்கிடுச்சு. ஆறிடும்.”

எழிலி தம்ளரைத் தொடவில்லை. ஆவி அடங்கி, மேலே ஆடை படிந்தது.

“குடி.”

“அப்புறம் குடிக்கறேன்.”

“உனக்குன்னு முழுப்பருப்பா எடுத்து ஆட்டினேன்.” கொளஞ்சி எதிரில் உட்கார்ந்தாள். “சரி, நான் கேக்கறதுக்குச் சொல்லு. கோளாறு கோளாறுன்றாங்களே, இன்னா கோளாறு அது? கொட்டகையில எவளுக்கும் சொல்லத் தெரியல.”

“அது... சாப்பிட்டா விரல்ல எரியற மாதிரி காட்டிடுச்சுக்கா. தப்பா காட்டிடுச்சு.”

“எந்த வெரலு?”

 எழிலியின் கண் அந்த வெள்ளைத்துணிக்குப் போய்விட்டுத் திரும்பியது. கொளஞ்சி அந்தக் கண்ணைத் தொடர்ந்து தன் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“உன்னுது சரி பண்ணிட்டியா?”

“இல்லக்கா.”

“குடு இப்படி.”

“எதுக்கு? வேணாம்...”

“குடுன்றேன். நானும் ஒரு நாள் கட்டிப் பாக்கறேனே. ஊரே கட்டுது.”

எழிலி கழற்றினாள். கொக்கி இரண்டு தரம் வழுக்கியது. கொளஞ்சி அதை இடது மணிக்கட்டில் வைத்து, கட்டத் தெரியாமல் கையை நீட்டினாள். எழிலிதான் மாட்டிவிட்டாள். அன்று மருதாணி வைக்கக் கையை நீட்டச் சொல்லி எத்தனை கெஞ்சினாள் என்பது நினைவு வந்தது.

கொளஞ்சி ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பட்டையின் விளக்கு வெள்ளையிலிருந்து மங்கி, சிவப்பாகி, சமையற்கட்டின் சுவரில் சிவப்பாக விழுந்தது.

இன்னொரு வாய் குடித்தாள். இடதுகை விரல்களை மடக்கி விரித்தாள். வலதுகைத் துணியைத் தடவினாள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள்போல இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வந்துடுச்சா?” என்றாள். “எங்க? எனக்கு எப்பவும் போலத்தான் இருக்குது.”

“அக்கா, அது பத்துல ஒரு பங்குதான்...”



கொளஞ்சி தம்ளரைக் கீழே வைத்தாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்தான்.

“இவ்ளோதானா பாப்பா? இதுக்கா அன்னிக்கு என்னியச் சொன்ன?”